‘காணொளி இல்லை’ என்று சொன்ன கருவி

நம் வள இதழில் பெரும்பாலும் நூல்களைப் பற்றியோ பயிற்றிகளைப் பற்றியோதான் திறனாய்வு எழுதுகிறோம். இம்முறை நான் எடுத்துக்கொண்டது நான்கு பக்க ஆவணம் ஒன்று. கதையும் இல்லை, கவிதையும் இல்லை. சொல்லப்போனால் மனிதர் வாசிப்பதற்காக எழுதப்பட்டதும் இல்லை. ஏஐ முகவர் ஒன்று யூடியூப் அலைவரிசைக்குள் எப்படித் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தரும் ஆவணம் அது. இதற்கும் தமிழாசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு படிவம் 5 மாணவி என் மேசைக்கு முன் வந்து நிற்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் நாம் எல்லாரும் கைப்பேசி முன் உட்கார்ந்து பாடம் நடத்தியது நினைவிருக்கும். கிள்ளானில் நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் அலைவரிசை தொடங்கினோம். பள்ளி திறந்த பிறகும் விட்டுவிட்டுப் பதிவேற்றியதில் இப்போது ஏறக்குறைய 300 காணொளிகள் சேர்ந்துவிட்டன. என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் பங்சார் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கிறார். இந்த 300இல் வேண்டியதை ஏஐ முகவரே தேடிக் கொடுக்கும்படி சின்னதாக ஒரு கருவி செய்து தந்தார். இலவசமாகத்தான். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்கிறேன்.

அந்த மாணவி சொன்னது இதுதான்: “டீச்சர், வலிமிகா இடங்களுக்கு நம்ம சேனல்ல வீடியோவே இல்லையாம் லா. ஏஐ சொல்லிருச்சு.” அந்தக் காணொளியில் பேசியிருப்பதே நான்தான்! சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது சிரிக்கும்படி இல்லை. டீச்சர்களே வீடியோ போடவில்லை என்றால் அது தேர்வுக்கு முக்கியமில்லாத பகுதி போல என்று நினைத்து அந்த இலக்கணப் பகுதியையே விட்டுவிட்டிருந்தாள். இரண்டு வாரம் போய்விட்டது.

‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு. வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிற நாம், நமக்காக வேலை செய்யும் கருவியிடம் அதே வேறுபாட்டைக் கேட்டோமா? இந்தக் கோபத்தோடுதான் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.

இதன் அமைப்பை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏஐ முகவர் என்பது பதில் எழுதுவதோடு நிற்காமல், வெளியே உள்ள கருவிகளை அழைத்து வேலை வாங்கும் நிரல். அந்தக் கருவிகளை எப்படி அறிமுகம் செய்வது என்பதற்கு ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்கலாம் என்ற பட்டியல் இருக்கும். முகவர் கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயரையும் விளக்கத்தையும் படித்துத்தான் இதை அழைப்பதா வேண்டாமா, எந்தச் சொல்லைக் கொடுத்து அழைப்பது, வந்த விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்கிறது.

நமக்குத் தெரிந்த உதாரணம் மாற்று ஆசிரியர். நாம் கூட்டத்துக்குப் போகும் நாளில் மேசைமேல் ஒரு தாளில் குறிப்பு வைத்துவிட்டுப் போகிறோம். ‘பக்கம் 42, பயிற்சி 3’ என்று மட்டும் எழுதி வைத்தால் வருகிறவர் எந்தப் புத்தகத்தில் 42 என்று பக்கத்து வகுப்பில் கேட்டுக்கொள்வார். முகவர் பெரும்பாலும் கேட்காது. கையில் கிடைத்த புத்தகத்தில் 42ஆம் பக்கத்தைத் திறந்து நடத்திவிட்டு, ‘பாடம் முடிந்தது’ என்று நல்ல தமிழில் அறிக்கையும் எழுதி வைத்துவிடும்.

சரி, ஆவணத்துக்கு வருவோம். முதல் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘அலைவரிசையில் உள்ள காணொளிகளைத் தேடும்; சொல்லைக் கொடுத்தால் முடிவுகளைத் தரும்.’ கருவி என்ன செய்யும் என்பதற்கு அவ்வளவுதான். மீதி மூன்றரைப் பக்கமும் எப்படி நிறுவுவது, கடவுச்சாவியை எங்கே வைப்பது என்பது பற்றி. நிறுவுகிற மனிதருக்கு அது தேவைதான். ஆனால் தினமும் வாசிக்கப்போகிற முகவருக்குக் கிடைத்தது ஒன்றரை வரி.

நன்னூல் படித்தவர்களுக்குச் சிறப்புப்பாயிரத்தின் எட்டுப் பகுதிகள் நினைவிருக்கும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஒரு நூலைத் திறக்குமுன் வாசகனுக்கு இவ்வளவும் தெரிய வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் வகுத்து வைத்திருக்கிறார். இந்த ஆவணத்தை அந்த எட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, நுதலிய பொருள் பாதி இருக்கிறது. என்னை உறுத்தியவை இரண்டு: எல்லை, கேட்போர். (நன்னூலில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. நான் இங்கே அதைத் தேடல் எட்டும் பரப்பு என்று கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

கருவி எதில் தேடுகிறது? தலைப்பிலா, தலைப்பின் கீழே உள்ள குறிப்பிலா, பேசப்படும் சொற்களிலா? ஆவணத்தில் விடை இல்லை. இதற்கு அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவர் கருவி நம்பியிருப்பது யூடியூப் தரவு இடைமுகத்தின் தேடல் வசதியை. அதன் அதிகாரபூர்வ ஆவணத்தையும் உட்கார்ந்து படித்தேன். வறண்ட நடை, ஆனால் பல இடங்களில் நேர்மையானது. ஓர் அழைப்புக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அந்த வசதியின் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. முடிவுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடாவிட்டால் 5 மட்டுமே வரும், அதிகபட்சம் 50 கேட்கலாம் என்கிறது. ஓர் அலைவரிசைக்குள் காணொளிகளை மட்டும் தேடினால் 500க்கு மேல் வராது என்கிறது. விரும்பும் மொழியைக் குறிப்பிட்டாலும், தேடுசொல்லுக்கு மிகவும் பொருந்தினால் பிற மொழி முடிவுகளும் வரும் என்று ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் தேடுசொல்லுக்கான பகுதியில் ‘தேட வேண்டிய சொல்’ என்பதோடு, சொற்களை விலக்கவும் மாற்றுச்சொல் கொடுக்கவும் குறிகள் உண்டு என்கிறது; அந்தச் சொல் எங்கெங்கே தேடப்படும் என்பதை விரிப்பதில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவதான குன்றக் கூறல் இதுதான்.

அந்த 5ஐக் கவனியுங்கள். நம் கருவி எண்ணிக்கையைக் குறிப்பிடவில்லை, ஆவணமும் சொல்லவில்லை. ‘நம் அலைவரிசையில் திருக்குறளுக்கு எத்தனை காணொளி?’ என்று கேட்டுப் பார்த்தேன். ‘ஐந்து’ என்றது முகவர், தயக்கமே இல்லாமல். இருப்பது இருபதுக்கு மேல். வந்த பட்டியலை எண்ணிச் சொல்லியிருக்கிறது, பாவம். பட்டியல் வெட்டப்பட்டது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்து எழுத்து. தமிழாசிரியர் என்பதால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் விழுந்தது. யூடியூப் தரும் முடிவுகளை நம் கருவி தன் பங்குக்கு இன்னொரு முறை தலைப்போடு ஒப்பிட்டு வடிகட்டுகிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதுவும் ஆவணத்தில் இல்லை. இனி நம் தலைப்புகளைப் பாருங்கள். ஒருவர் ‘வலிமிகா’ என்று சேர்த்து எழுதியிருக்கிறார், ஒருவர் ‘வலி மிகா’ என்று பிரித்திருக்கிறார், ‘வல்லினம் மிகா’ என்று மூன்றாமவர். ‘இரட்டைக்கிளவி’, ‘இரட்டைக் கிளவி’, ஒற்று விழுந்த ‘இரட்டை கிளவி’ மூன்றும் உண்டு (இதை ஆசிரியர்கள் கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை, திரையில் காட்ட வேண்டியதாயிற்று). சிலர் ரோமன் எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார்கள். சிலர் மலாயில் ‘தாத்தாபஹாசா’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் வைத்திருக்கிறார்கள். காணொளியா காணொலியா என்பதில் நமக்குள்ளேயே இன்னும் தீர்ப்பு வரவில்லை.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் ஒன்று உண்டு. ‘மொழியணி’யின் ‘மொ’வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். யுனிகோடு தரத்தின்படி இரண்டும் சமம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். பழைய விசைப்பலகைச் செயலியில் தட்டிய தலைப்புகள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அவரைச் சந்தித்தேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போதே குறிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மாணவி தேடிய இரவின் பதிவேட்டை மடிக்கணினியில் திறந்தார். நான் சொன்ன குறைகள் எல்லாம் உண்மைதான், ஆனால் அன்றைய குற்றவாளி வேறு. அன்று மாலையே எங்கள் ஒதுக்கீடு தீர்ந்துபோயிருந்தது.

கணக்கு இப்படி. இந்தக் கருவி எழுதப்பட்டபோது இருந்த விதிப்படி ஒரு திட்டத்துக்கு நாள் ஒன்றுக்கு 10,000 அலகுகள். ஒரு தேடலுக்கு 100 அலகு. அப்படியானால் ஒரு நாளைக்கு 100 தேடல். முகவரோ ஒரு கேள்விக்கே மூன்று விதமாகச் சொல்லை மாற்றித் தேடும். முப்பத்து மூன்று கேள்வியோடு கதை முடிந்தது. தேர்வுக் காலத்தில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒதுக்கீடு புதுப்பிக்கப்படுவது பசிபிக் நேரம் நள்ளிரவில். நமக்கு அது பிற்பகல் 3 மணி, அங்கே குளிர்கால நேரம் என்றால் 4 மணி. அதாவது நம் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குப் படிக்க உட்காரும்போது ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் மறுநாள் பள்ளி விட்ட பிறகுதான் மீண்டும் கிடைக்கும்.

ஒதுக்கீடு தீர்ந்தால் யூடியூப் பிழைச் செய்தி அனுப்புகிறது. நம் கருவி அந்தப் பிழையை விழுங்கிவிட்டு, வெறும் பட்டியலை முகவரிடம் கொடுத்தது. முகவர் வெறும் பட்டியலைப் பார்த்து ‘இல்லை’ என்றது. மாணவி ‘இல்லை’யைக் கேட்டு இலக்கணத்தை விட்டாள். அந்தப் பொது நெறிமுறையிலேயே, கருவி தோற்றால் இது பிழை என்று கொடி காட்ட ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தவில்லை. என் பார்வையில் நான்கு பக்கத்திலும் மிகப் பெரிய குறை இதுதான். பிழை வந்தால் என்ன ஆகும் என்று ஆவணத்தில் ஒரு வரி எழுத உட்கார்ந்திருந்தால், நிரலில் அது கவனிக்கப்படாமல் இருப்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்கும். அவரும் அதைத்தான் சொன்னார். “எழுதும்போதுதான் டீச்சர் யோசிக்கிறோம்” என்றார். நான் அவர் வகுப்பில் கட்டுரைக்குச் சொன்னதைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்.

திருத்தத்துக்கு வருவோம். 300 காணொளி உள்ள சின்ன அலைவரிசைக்குத் தேடல் வசதியே தேவையில்லை என்பது அவர் கண்டுபிடித்த நல்ல வழி. ஒவ்வோர் அலைவரிசைக்கும் பதிவேற்றங்கள் எல்லாம் அடங்கிய பட்டியல் ஒன்று தானாகவே உண்டு. அதை 50 ஐம்பதாக வாங்கலாம், ஒரு முறைக்கு 1 அலகுதான். ஆறே அழைப்பில் முழு அலைவரிசையின் தலைப்புகளும் கையில். காலையில் ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் முகவரே 300 தலைப்புகளையும் படித்து, ‘வல்லினம் மிகா’ என்பதும் நாம் கேட்டதும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ளும். எழுத்து வேறுபாட்டுச் சிக்கலும் பெருமளவு தீர்ந்தது. ஆயிரக்கணக்கில் காணொளி உள்ள அலைவரிசைக்கு இது அப்படியே பொருந்தாது.

விளக்கத்தை நான் எழுதித் தந்தேன். முகவரை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். கடைசியில் வியங்கோள் காப்பாற்றியது. இதோ:

‘இக்கருவி இந்த ஓர் அலைவரிசையில் பொதுவில் உள்ள காணொளிகளின் தலைப்பு, குறிப்பு, பதிவேற்றிய நாள் ஆகியவற்றை மட்டும் தரும். காணொளியில் பேசப்படுவது இதற்குத் தெரியாது. தலைப்பை வைத்து உள்ளடக்கத்தை ஊகித்துச் சொல்லற்க. மாணவர் ஓர் இலக்கணப் பகுதிக்கோ மொழியணிக்கோ காணொளி கேட்டால் பயன்படுத்துக. ஒரே பகுதி சேர்த்தும் பிரித்தும், ரோமன் எழுத்திலும், மலாயிலும் தலைப்பிடப்பட்டிருக்கலாம்: வலிமிகா, வலி மிகா, வல்லினம் மிகா. பட்டியல் பிழையோடு வந்தால் “இப்போது தேட முடியவில்லை, பிறகு முயல்க” என்று சொல்க. பட்டியல் சரியாக வந்து பொருத்தமானது இல்லை என்றால் “தலைப்புகளில் கிடைக்கவில்லை, ஆசிரியரிடம் கேட்க” என்று சொல்க. “இல்லை” என்று சொல்லற்க. 2021க்கு முந்தைய தேர்வு வழிகாட்டிக் காணொளியைக் கொடுக்கும்போது, அது பழைய தேர்வு வடிவமாக இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்க.’

அவர் இதை ஆங்கிலத்தில்தான் ஏற்றினார். எனக்கு முதலில் வருத்தம். தமிழ் எழுத்து முகவருக்கு அதிகத் துண்டுகளாக உடைகிறது, ஒவ்வொரு கேள்விக்கும் அந்தச் செலவு சேரும் என்று விளக்கினார். எடுத்துக்காட்டுச் சொற்கள் மட்டும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. அங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று எனக்கும் பட்டது.

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். எஸ்.பி.எம். தேர்வு வடிவம் 2021இல் மாறியது. பி.டி.3 தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டது. எங்கள் அலைவரிசையிலேயே பி.டி.3 காணொளிகள் இன்னும் கிடக்கின்றன. முகவர் அவற்றை எடுத்துக் கொடுத்தால் படிவம் 3 மாணவனுக்கு என்ன தெரியும்? ஆனால் நாளை வைத்து வடிகட்டுவதும் முழுத் தீர்வு இல்லை. பழைய காணொளியைப் போன வருடம் மறுபடியும் பதிவேற்றிய ஆசிரியர்கள் நம்மிடம் உண்டு. (நானும் ஒருத்தி.) அதனால்தான் ‘இருக்கலாம்’ என்று எழுதினேன்.

ஒரு பங்கு வேலை நம் தலையில்தான் இருக்கிறது. பேசப்படுவதையும் தேட முடியுமா என்று பலர் கேட்டீர்கள். அதிகாரபூர்வ வழியில் ஒரு காணொளியின் எழுத்துவரியைப் பதிவிறக்க, அந்தக் காணொளியைத் திருத்தும் உரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்கு 200 அலகு. பிறர் அலைவரிசைக்கு அது நடக்காது, நம் அலைவரிசைக்கு நடக்கும். ஆனால் நம்மில் எத்தனை பேர் எழுத்துவரி போட்டிருக்கிறோம்? குறிப்புப் பகுதியைத் திறந்தால் ‘லைக் செய்யவும், பகிரவும்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ‘பாடம் 7’, ‘தமிழ் இலக்கணம் புதியது’ என்ற தலைப்புகளை எந்த முகவர் வந்தாலும் கண்டுபிடிக்காது. எந்தப் படிவம், எந்தப் பகுதி, எந்தத் தேர்வு வடிவம் என்று மூன்று தகவல் தலைப்பில் இருந்தால் போதும். கொமுட்டரில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் நேரத்தில் முப்பது தலைப்பைத் திருத்திவிடலாம். நான் செய்து பார்த்தேன், இருபத்தெட்டு முடிந்தது.

தேர்வு மாணவர்களுக்கு: ஏஐ ‘இல்லை’ என்று சொன்னால், ‘எந்தச் சொல்லைத் தேடினாய், எத்தனை தலைப்புகளைப் பார்த்தாய், பிழை ஏதும் வந்ததா?’ என்று கேளுங்கள். நல்ல கருவி என்றால் விடை வரும். வராவிட்டால் அலைவரிசையை நீங்களே திறந்து பாருங்கள், இல்லையென்றால் டீச்சரிடம் கேளுங்கள்.

படிவம் 4 வகுப்பில் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். ‘நாளை நான் வரமாட்டேன். என் அலமாரியிலிருந்து பழமொழி அட்டைகளை எடுத்து ஒரு வகுப்பை நடத்த வேண்டிய மாற்று ஆசிரியருக்கு 80 சொல்லில் குறிப்பு எழுதுக. அவர் உங்களைத் திரும்பக் கேட்க முடியாது.’ பெரும்பாலான குறிப்புகளில் அட்டை எந்தத் தட்டில் இருக்கிறது என்று இருந்தது. அட்டை அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதியவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் ஒருவன், அலமாரி பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்றும் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.